இரவுப் பிரட்டு

கல்கிசையில் பேய்க்குத் தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
பத்து வயதுக்குக் கீழ் அரைக் கட்டணம்.
வியாழனும் சனியும், இரவு பத்தரை,
வரவேற்பறைப் பியானோவின் பக்கத்தில் கூடவும்.

நான்தான் கூட்டிப் போகிறவன்.
சட்டையில் குத்திய தகட்டில் 'ஷிவா' என்றிருக்கும்.
பிறப்புச் சான்றில் சிவனு,
பொகவந்தலாவை, கீழ்ப்பிரிவு, எட்டாம் லயம், நாலாம் காம்பரா.
அவ்வளவு நீளம் தகட்டில் கொள்ளாது.

முதலில் நிலவறை.
யாரோ ஒரு துரை தன் காதலியிடம் போக
வெட்டிய சுரங்கம் இதற்குள் இருந்ததாம்.
இப்போது உள்ளே உடைந்த குளிர்பெட்டிகள்,
சாக்குக்குள் மடித்துவைத்த நத்தார் மரம்.
தலையைக் குனியச் சொல்வேன், எல்லோரும் குனிவார்கள்.

பிறகு படியிறங்கி, ரயில் பாதை கடந்து, பாறை.
"அதோ," என்று கைகாட்டுவேன்,
"மே மாதக் கடலில், இப்படியொரு இரவில்
'லேடி மார்ஷம்' அங்கேதான் முறிந்தது.
கப்பித்தானுக்கு நிச்சயித்த எவலின்
இந்தப் பாறையில் விளக்கோடு நின்றாள்.
இன்னும் நிற்கிறாள்."
இந்த இடத்தில் நிலங்க
சலவைக்கூடத்து நாற்பத்தோராம் விரிப்பைப் போர்த்தி
தாழம்புதருக்குள்ளிருந்து எழுவான்.
ஜெர்மன்காரர்கள் கைதட்டுவார்கள்.
ஒருமுறை ஒரு சீனப் பிள்ளை
பயந்துபோய்த் தன் சாக்லேட்டை அவன்மேல் எறிந்தது.

எவலினை முகாமையாளர் தொண்ணூற்றெட்டில் உண்டாக்கினார்,
சீசன் படுத்துவிட்ட வருடம்.
கப்பல் மட்டும் மெய்.
மாடிப்படியில் சட்டமிட்ட செய்தித் துண்டு சொல்கிறது:
கப்பித்தான் ஹாலெட், பெயரோடு.
தோட்டத் துரைமார் இருவர், பெயரோடு.
ஒரு குதிரை. அதற்கும் பெயர் உண்டு, டச்சஸ்.
"தூத்துக்குடிக் கூலிகள், ஏறத்தாழ எழுபது."

ஏறத்தாழ.
மேலேயா, கீழேயா?
இடுப்பிலிருந்த பிள்ளையை எண்ணினார்களா?
வயிற்றிலிருந்ததை?

மாசியில் கடல் கண்ணாடியாய்க் கிடந்தபோது
சுழியோடி துஷார ஒன்று கொண்டுவந்தான்.
"இது என்ன, ஐயே?"
உள்ளங்கையில் ஒரு துரு வட்டம்,
ஓரத்தில் ஆணி போகிற அளவுக்குத் துளை.
மீன் டின்னின் மூடியாய் இருக்கலாம்.
பூட்டன் கழுத்தில் கட்டி வந்த
தகரத் துண்டாயும் இருக்கலாம்.
எங்கள் வீட்டில் ஒன்று கற்பூரத் தட்டில் கிடக்கிறது,
தோட்டத்து எண்ணும் ஆளெண்ணும் பொறித்து.
இதில் எண் இல்லை.
தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்.
என் கட்டைவிரல்தான் சிவந்தது.

போன வியாழன் காற்று.
கடைசி ரயில் வெள்ளவத்தைப் பக்கம் போய் ஓய்ந்த பிறகு
பாறையில் அலை அடித்தது.
வெறும் அலைதான்.
ஆனால் இரண்டு நெருக்கி, ஒன்று விட்டு,
விடியுமுன் பிரட்டுக்கு எழுப்புகிற தப்படி மாதிரி.
வாய் எவலினில் தொடங்க மறுத்தது.
"பேர் சொல்லு" என்றேன்,
தமிழில், தண்ணீரைப் பார்த்து.
கங்காணியின் குரல் வந்துவிட்டது.
வெட்கமாயிருந்தது.
மறுபடி, மெதுவாய்: "பேர் சொல்லுங்க."

பதினொரு பேரும் தொலைபேசிகளை உயர்த்தினார்கள்,
கட்டணத்துக்குள் அடங்கிய சடங்கென்று.

கடலுக்குச் சொல்ல என்னிடம் அவர்கள் பெயர் ஏது?
எங்கள் லயத்துப் பெயர்களைக் கொடுத்தேன்.
ராக்காயி.
அங்கமுத்து.
பேச்சி.
வெள்ளையன்.
சின்ன ராக்காயி.
ஒவ்வொன்றுக்கும் ஓர் அலை பொறுத்தேன்.
பதினேழோடு பெயர் தீர்ந்தது.
அதற்கு மேல் நின்றேன், எதற்கென்று தெரியாமல்.

தாழைக்குள்ளிருந்து,
ஈர விரிப்பு முழங்காலில் ஒட்டிக்கொள்ள,
நிலங்க கிசுகிசுத்தான்:
"ஐயே, நான் வரவா, வேண்டாமா?"